பழைய காடியின் தெர்மோஸ்டாட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் செந்தூல், செகாம்புட் பக்கம் இன்னும் நிறையப் பேர் பழைய காடிதான் (கார்) ஓட்டுகிறார்கள். சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில், அங்கொன்றும் இங்கொன்றுமாக டட்சன் 120ஒய். இஞ்சின் சூடு பற்றிப் பேச்சு எழுந்தால் கடைசியில் தெர்மோஸ்டாட்டில்தான் வந்து நிற்கும். ஒரே சந்தேகத்தை ஆள் மாற்றி ஆள் கேட்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வி இருக்கும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் மேலிருந்து படிப்பது நல்லது.

தெர்மோஸ்டாட்னா என்ன அண்ணே? எங்க இருக்கு அது?

இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்க் கதவு. உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. தண்ணீர் சூடாகி மெழுகு உருகினால் அதன் பருமன் கூடும், உள்ளிருக்கும் தண்டைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. 82 என்று முத்திரை குத்திய தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, 95 டிகிரி வாக்கில் முழுதாகத் திறந்திருக்கும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு இஞ்சின் வரை போங்கள். அது போய்ச் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் போட்ட வளைந்த அலுமினிய மூடி இருக்கும். பழைய சாகா மாதிரி காடிகளில் அதன் அடியில்தான் உட்கார்ந்திருக்கும். சில டொயோட்டா, ஹோண்டா இஞ்சின்களில் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும்.

நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? குளிர் நாட்டுக்காரனுக்குத்தானே வேணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோலாலம்பூரில் மதிய வெயில் 33, 34 டிகிரி. இஞ்சினுக்கு வேண்டியது 80க்கு மேல். நமக்கு வியர்த்துக் கொட்டும் சூடு இஞ்சினுக்கு இன்னும் குளிர்தான். நடுவில் ஏறக்குறைய 50 டிகிரி பாக்கி இருக்கிறது.

இஞ்சின் குளிராக ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. மிச்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங் தேயும். எரிந்த பெட்ரோலில் வரும் நீராவியும் வெளியேறாமல் ஆயிலில் கலந்து கசடாகும். இஎஃப்ஐ காடி (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றும் காடி) என்றால் இன்னொரு தொல்லை: சென்சார் ‘இஞ்சின் இன்னும் சூடாகவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்க, கம்ப்யூட்டரும் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

குளிர் நாடுகளில் காடிக்குள் ஹீட்டர் வேலை செய்யவும் தெர்மோஸ்டாட் வேண்டும். நம் பழைய காடிகளில் பெரும்பாலும் ஹீட்டரே கிடையாது. ‘ஹீட்டர் இல்லை, அப்புறம் இது எதற்கு’ என்று யாரோ ஆரம்பித்து வைத்த பேச்சாக இருக்கும் என்பது என் ஊகம்.

கழட்டிட்டா இன்னும் கூலாத்தானே ஓடும்? என் ஃபோர்மன் (மெக்கானிக்) கழட்டிட்டாரு, மூணு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல.

ஹைவேயில் கூலாக ஓடும், வேண்டியதைவிடக் கூலாக. ஆனால் நமக்குச் சூடு ஏறுவது ஃபெடரல் ஹைவே ஜேமில் நிற்கும்போதுதானே? அந்த நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே அகலத் திறந்துதான் இருக்கும். திறந்திருக்கும் கதவைக் கழற்றி எறிந்து என்ன லாபம்? ஜேமில் காப்பாற்றுவது ஃபேன், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகிய மூன்றும்தான்.

சில இஞ்சின்களில் கழற்றினால் சூடு கூடவும் செய்யும். அவற்றின் தெர்மோஸ்டாட்டில் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழே இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும்; சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இஞ்சினுக்குத் திரும்பிவிடும். ‘கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடி ஆற நேரம் கிடைக்காது’ என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் ரேடியேட்டருக்கு அதிகச் சூட்டைத்தான் கொண்டுபோகும். குற்றவாளி பைபாஸ்.

மூன்று வருஷமாகப் பிரச்சினை இல்லை என்றால் முள் சிவப்புக்குப் போகவில்லை என்று மட்டும் அர்த்தம். பெட்ரோல் கூடக் குடிப்பதையும் ரிங் தேய்வதையும் அந்த முள் காட்டாது. பாதி அடைத்த ரேடியேட்டரை மறைக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இந்த ஊரில் பழைய வழக்கம். அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

என் காடியில அது இருக்கா இல்லையான்னு கழட்டாம எப்படிப் பார்க்கிறது?

காலையில், இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் முள் ஏறிக்கொண்டே வந்தாலும் ஹோஸ் சில நிமிஷங்களுக்குச் சூடில்லாமல் இருக்கும். பிறகு திடீரென்று கை வைக்க முடியாத சூடு வரும். முதல் நிமிஷத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுவென்று ஏறினால் அது இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. கீழ் ஹோஸ் பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள காடியில் கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கையை ஃபேனிலிருந்து தள்ளியே வையுங்கள். கரண்ட் ஃபேன் சொல்லிவிட்டுச் சுற்றாது.

ஜேம்ல முள்ளு நடுவுல நிக்குது, ஹைவேல போனா கீழ இறங்கிடுது. நல்லதுதானே மச்சான்?

நல்லதில்லை. வேகமாகப் போகும்போது காற்று ரேடியேட்டரை ஆற்றுகிறது. அந்த நேரத்தில் கதவு கொஞ்சம் மூடி சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். முள் இறங்குகிறது என்றால் கதவு மூடவில்லை. மழையில் பிளஸ் ஹைவேயில் போகும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

முள்ளை மட்டும் நம்பி முடிவு செய்யவும் கூடாது. பழைய காடியில் சென்சார் ஒயர் துருப்பிடித்தாலும் முள் கீழேயே கிடக்கும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டினால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பல பழைய காடிகளில் இரண்டுக்கும் வோல்டேஜ் ஒரே ரெகுலேட்டரிலிருந்துதான் போகிறது.

முள்ளு சிவப்புக்குப் போகுது. தெர்மோஸ்டாட் போயிருச்சா?

எப்போது போகிறது என்பதுதான் கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு, ஆனால் ரேடியேட்டர் இன்னும் ஆறியே கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டியிருக்கலாம். ஜேமில் மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன். மேட்டில் அல்லது வேகத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, இல்லையென்றால் பம்ப். வாரா வாரம் தண்ணீர் குறைந்தால் ஒழுக்கு, அல்லது ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு).

சிவப்பில் ஓட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போய்ச் சேர நினைக்காதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் கழற்றி, சீவி, கேஸ்கெட் மாற்றி முடிக்கும் செலவுக்கு எத்தனையோ தெர்மோஸ்டாட் வாங்கலாம்.

வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாம்னு சொல்றாங்களே, எப்படி?

பண்ணலாம். புதிதாக வாங்கியதையும் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். காலி மைலோ டின் போதும்.

வால்வின் விளிம்பில் நகத்தால் லேசாகத் தள்ளினால் நூல் நுழையும் அளவு இடைவெளி வரும். அதில் தையல் நூலை நுழைத்து விட்டுவிட்டால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். நூலின் மறுமுனையை ஒரு சாத்தே குச்சியில் கட்டி, குச்சியை டின்னின் வாயில் குறுக்கே வையுங்கள். தெர்மோஸ்டாட் தண்ணீருக்குள் தொங்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது; அடித்தகடு தண்ணீரைவிடச் சூடு. சமையல் தெர்மாமீட்டரையும் அதே உயரத்தில் விட்டு, சின்னத் தீயில் சூடாக்குங்கள். வால்வு திறக்கும் கணத்தில் நூல் வழுகி, தெர்மோஸ்டாட் ‘டொக்’கென்று அடியில் விழும். அப்போது என்ன டிகிரி என்று பாருங்கள். முத்திரையில் இருப்பதற்கு இரண்டு டிகிரி முன்பின் இருந்தால் சரி.

அதோடு நிறுத்தாமல் தண்ணீர் கொதிக்கும்வரை விட்டு, எவ்வளவு திறக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலானவை 8 மில்லிமீட்டர் அளவு திறக்கும். பாதி திறந்து நின்றுவிடும் தெர்மோஸ்டாட்தான் ஆளைக் குழப்பும்: ஊருக்குள் ஓட்டும்போது பழுது தெரியாது, மேட்டில் காலை வாரும். கடைசியாக வெளியே எடுத்து ஆறவிட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் சரியாக மூடவில்லை.

76, 82, 88னு மூணு விக்குறாங்க. நம்ம ஊருக்கு 76தானே நல்லது அங்கிள்?

புத்தகத்தில் உங்கள் இஞ்சினுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான். 76 போட்டால் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். ஜேமில் கடைசியாக எங்கே போய் நிற்கும் என்பதை அது மாற்றாது (கழற்றுவது பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம்). கார்புரேட்டர் காடிக்கு 82 போதும் என்பது என் எண்ணம். இஎஃப்ஐ காடிக்கு 88 என்று எழுதியிருந்தால் குறைக்காதீர்கள்.

எண்ணைவிட முக்கியம் அளவு. விளிம்பின் விட்டம் 52, 54, 56 மில்லிமீட்டர் என்று மாறும். அடித்தட்டு உள்ளதா இல்லாததா என்றும் பார்க்க வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதுதான் வம்பில்லாத வழி.

ஹாஃப்கட் கடையில பழசு சும்மாவே தராங்க, போடலாமா?

காடிக் கதவு, லைட், கியர்பாக்ஸ் எல்லாம் ஹாஃப்கட்டில் (வெட்டிய பழைய காடிகளின் பாகம் விற்கும் கடை) வாங்கலாம். தெர்மோஸ்டாட் வேண்டாம். மெழுகும் ரப்பரும் வயதாகிற பொருள். புதிதே விலை குறைவுதான்.

நானே மாத்தலாமா? என்னென்ன வேணும்?

சாகா, இஸ்வாரா மாதிரி மேல் ஹோஸ் பக்கம் உள்ள காடி என்றால் தாராளமாக மாற்றலாம். இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் இரவு நிறுத்தியதைக் காலையில் தொடுவது உத்தமம். ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் தண்ணீரைப் பேசினில் பிடியுங்கள், தெர்மோஸ்டாட் மூடியின் மட்டத்துக்குக் கீழே போனால் போதும். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தெருப் பூனை நக்காதபடி உடனே மூடி வையுங்கள். வடிகாலில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கஷ்டம் வரும் இடம் அந்த இரண்டு போல்ட்தான். இருபது, முப்பது வருஷமாக அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் ஊறிக் கிடக்கும். முதல் நாளே துருநீக்கி ஸ்பிரே அடித்து வையுங்கள். ஸ்பேனரை ஒரே இழுப்பாக இழுக்காமல், கொஞ்சம் திருகி, கொஞ்சம் திருப்பி, மறுபடி திருகுங்கள். ‘க்ரீச்’ என்ற சத்தத்தோடு நகர்ந்தால் நல்லது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி இளகிக் கொடுத்தால் போல்ட் முறியப்போகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு ஃபோர்மனிடம் போங்கள்.

மூடியைத் தூக்கியதும் பழையது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் இஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சூடான தண்ணீர் மெழுகைச் சேராது. தட்டில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் குட்டி ஊசியும் இருந்தால், தெர்மோஸ்டாட் படுத்தவாக்கில் இல்லாமல் நிற்கும் காடிகளில் அந்த ஊசி மேலே வரும்படி வையுங்கள். காற்று வெளியேறும் வழி அது. பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள், அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பலம் காட்ட வேண்டிய இடம் இல்லை.

கேஸ்கெட் வாங்க மறந்துட்டேன், சிலிகான் மட்டும் அடிக்கலாமா?

அவசரத்துக்கு மெல்லியதாக அடிக்கலாம். அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கிய துண்டு உடைந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். ரப்பர் வளையம் உள்ள தெர்மோஸ்டாட்டுக்குச் சிலிகான் வேண்டவே வேண்டாம்.

மாத்தின பிறகுதான் முள்ளு ஏறி ஏறி இறங்குது. புதுசே பழுதா?

பெரும்பாலும் காற்று. தெர்மோஸ்டாட்டின் அடியில் காற்றுக் குமிழி நின்றால் மெழுகைச் சூடான தண்ணீர் தொடாது. கதவு தாமதமாகத் திறக்கும், முள் துள்ளும்.

இஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்புங்கள். காடியின் மூக்கு கொஞ்சம் மேடான பக்கம் இருந்தால் நல்லது. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும். நிரப்பி மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை விடுங்கள். மறுநாள் காலை ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள், குறைந்திருக்கும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது வேறு கதை: ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த புகை தண்ணீரில் கலக்கிறது.

பைப் தண்ணி ஊத்தினா போதாதா? எங்க அப்பா காலத்துல அதானே ஊத்தினாங்க?

ஊற்றினார்கள், ரேடியேட்டரும் துருத் தண்ணீராகத்தான் இருந்தது. கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் ஏற்றும். அந்தத் துருதான் தெர்மோஸ்டாட் தண்டில் படிந்து அதை மாட்ட வைக்கிறது. கலந்தே விற்கும் கூலன்ட் வாங்குங்கள், அல்லது கெட்டியானதை காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். பச்சையும் சிவப்பும் கலக்காதீர்கள். வழியில் அவசரம் என்றால் குடிக்கிற தண்ணீர் போதும், வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம்.

கெந்திங் ஏறும்போது பாதி மலையில சூடு ஏறிடுச்சுன்னா என்ன செய்யிறது?

முதலில் ஏர்கோனை அணையுங்கள். அதன் சூடு ரேடியேட்டருக்கு முன்னால்தான் இறங்குகிறது. கியரைக் குறைத்து, அழுத்தாமல் ஏறி, இடம் கிடைத்ததும் ஓரம் கட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் உடனே அணைக்காமல் ஐட்லிங்கில் விட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால், அல்லது ஆவி வந்தால், அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 என்று எழுதிய மூடி தரும் அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். திறந்ததும் அழுத்தம் போய், உள்ளே இருப்பது அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர்; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் வெடித்த பழைய மூடியோடு மலை ஏறுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியும் தெர்மோஸ்டாட்டைப் போலவே மலிவுதான்.

ஆயில் மூடி அடியில மஞ்சளா கிரீம் மாதிரி இருக்கு. ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு பயமுறுத்துறாங்க.

பயப்படுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். குச்சியில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல், மூடியில் மட்டும் கிரீம் இருந்தால் அது பெரும்பாலும் குளிர்ந்த இஞ்சினின் நீராவி. தெர்மோஸ்டாட் இல்லாமல், மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காடியில் இது சகஜம். நல்ல தெர்மோஸ்டாட் போட்டு, ஆயில் மாற்றி, ஈப்போ வரை ஒருமுறை போய் வந்து பாருங்கள். குச்சியிலும் பால்காப்பி நிறம், கூலன்ட்டும் குறைகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் பயமுறுத்தியவர் சொன்னது சரி.

தெர்மோஸ்டாட் புதுசு, காத்தும் எடுத்தாச்சு. இன்னும் ஜேம்ல ஏறுது. ஃபேனை டைரக்டா இழுத்துரலாமா?

இழுத்தால் சாவி போட்டதும் ஃபேன் சுற்றும், ஜேமில் சூடும் இறங்கலாம். அதையே முதலில் சோதனையாகச் செய்யுங்கள்: தற்காலிகமாக நேரடி கரண்ட் கொடுத்துச் சூடு இறங்கினால் பழுது ஃபேன் சுவிட்சில் அல்லது ரிலேயில். அதை மாற்றுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஃபேன் மோட்டார் பலம் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். ரேடியேட்டர் ஆறத் தொடங்கும்போது முகப்பில் பல இடங்களில் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு). நடுவில் ஆறிய திட்டு இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

நிரந்தரமாக டைரக்ட் போட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. மோட்டார் ஓயாமல் ஓடித் தேயும், பழைய ஒயரும் சூடாகும்.

தெர்மோஸ்டாட்ல ஒரு ஓட்டை போட்டா நல்லதுன்னு ஒருத்தர் சொன்னார்.

ஆடும் ஊசி இல்லாத தெர்மோஸ்டாட்டில், காற்று போக 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுவது தப்பில்லை. நாலைந்து போட்டால் கழற்றியதற்குச் சமம்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?

கூலன்ட் மாற்றும்போது ஒருமுறை விட்டு ஒருமுறை மாற்றினால் போதும். வாட்டர் பம்ப்புக்காகத் தண்ணீரை இறக்கினால் அப்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள். பெரிதாக ஒருமுறை சூடு ஏறிய காடியில் பழையதை நம்ப வேண்டாம்.

எங்க ஃபோர்மன் பதினஞ்சு வருஷப் பழக்கம். ‘கழட்டினதை திரும்பப் போடுங்க’ன்னு எப்படிண்ணே சொல்றது? கோவிச்சுக்குவாரு.

வாதாடாதீர்கள். தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலன்ட் எல்லாவற்றையும் நீங்களே வாங்கிக்கொண்டு, வேலை குறைவான நாளில் காலையிலேயே போங்கள். ‘ஹைவேயில் முள் ரொம்ப இறங்குது, பெட்ரோல் கூடக் குடிக்குது, இதைப் போட்டுப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். ‘சூடு ஏறினா என்னைக் கேக்காதே’ என்பார். அப்படியே ரேடியேட்டரையும் ஃபேனையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி அதற்கும் கூலி கொடுத்துவிடுங்கள். அவர் அன்றைக்குக் கழற்றியதற்குக் காரணம் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.